தலையாட்டல் ஒப்புதல் ஆகாது: திருப்பூரில் மென்பொருள் தேவைகளைச் சரிபார்த்த அனுபவம்

மென்பொருள் வேலையில் எனக்கு அதிகச் சந்தேகத்தைத் தருவது, எதிர்ப்பே இல்லாமல் முடியும் கூட்டம்தான். மென்பொருள் என்னென்ன செய்ய வேண்டும் என்று எழுதிய தேவை ஆவணத்தைச் சுவரில் பெரிதாகக் காட்டிப் பக்கம் பக்கமாக வாசித்துக்கொண்டே போவோம். எதிரே இருப்பவர்கள் தலையாட்டுவார்கள். நடுவில் டீ வரும். கடைசிப் பக்கத்தில் கையெழுத்து விழும். அந்தக் கையெழுத்தைக் காட்டி முதல் தவணைப் பணத்தைக் கேட்கலாம். அதை நம்பி மென்பொருள் எழுத முடியாது.

கோயம்புத்தூரில் ஒரு சிறிய நிறுவனத்தில் சிஸ்டம் அனலிஸ்டாக இருக்கிறேன். எங்கள் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் திருப்பூர்க்காரர்கள். இங்கே எழுதுவது அங்குள்ள ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் செய்த வேலையைப் பற்றி. அவர்களுக்கு இரண்டு கணக்குகள் கணினிக்கு வர வேண்டியிருந்தது. ஒன்று, ஜாப் ஒர்க்குக்கு, அதாவது கூலிக்கு வேலை செய்து தரும் வேறு பட்டறைகளுக்கு, வெளியே போய்வரும் துணி. இன்னொன்று, தொழிலாளர்களின் வாரச் சம்பளம்.

ஊர் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். திருப்பூரில் ஒரு பனியன் பெரும்பாலும் ஒரே கூரையின் கீழ் உருவாவதில்லை. நூலை வாங்கி நிட்டிங்குக்கு அனுப்புவார்கள். அங்கிருந்து சாயமேறாத துணி ரோல் ரோலாகச் சாயப்பட்டறைக்குப் போகும். பிறகு, துணி பின்னால் சுருங்காதபடி அழுத்திச் சீராக்கும் காம்பாக்டிங், அதன் பிறகுதான் கட்டிங். பிரிண்டிங்கும் எம்பிராய்டரியும் வேறு வேறு இடங்களில். போகும்போதும் வரும்போதும் ஒரு டெலிவரி சலான், ஊர் வழக்கில் டிசி. கிலோவில் தொடங்கும் கணக்கு கட்டிங் மேசையில் பீஸாக மாறும். அந்த மாற்றத்தில்தான் துணியும் பணமும் காணாமல் போகும் என்பது முதலாளியின் கவலை.

முதல் ஆவணத்தில் இருந்த ஒரு விதி இது: சாயப்பட்டறையிலிருந்து திரும்பும் துணியின் எடை, அனுப்பிய எடையைவிடக் கூடுதலாக இருந்தால் கணினி அந்தப் பதிவை ஏற்கக் கூடாது. துணி சாயமேறி வரும்போது எடை குறைவதுதான் வழக்கம். நிறத்துக்கு நிறம் அளவு மாறும், ஆனாலும் குறையும். எனவே கூடினால் ஏதோ தப்பு. மேலாளர் ஒப்புக்கொண்டார், கணக்காளர் ஒப்புக்கொண்டார், ஸ்டோர் கீப்பரும் தலையாட்டினார். தேவைகளை எழுதுவதற்கென ஐஎஸ்ஓ 29148 என்றொரு தரம் இருக்கிறது. 2011-இல் வந்து 2018-இல் திருத்தப்பட்டது. ஒரு தேவை எப்படி இருக்க வேண்டும் என்று அதில் பட்டியலே உண்டு: ஒரே பொருள் தர வேண்டும், ஒரு விஷயத்தை மட்டும் சொல்ல வேண்டும், செய்யக்கூடியதாக, சோதித்துப் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். எங்கள் எடை விதி இவற்றில் எல்லாம் நன்றாகவே தேறியது. ஆனால் ஸ்டோரில் அதை வைத்து ஒரு வாரம்கூட ஓட்டியிருக்க முடியாது.

அது எப்படித் தெரிந்தது என்பதுதான் இந்த முழு அனுபவத்தின் சாரம்.

கட்டைப் பிரித்துப் பார்ப்பது

கூட்டம் முடிந்ததும் நான் ஸ்டோருக்குப் போய்விடுவேன். ஸ்டோர் கீப்பரிடம், "அண்ணா, போன மாதத்து டிசி கட்டைக் கொஞ்சம் கொடுங்கள். நீங்கள் பேனாவால் குறிப்பு எழுதிய சீட்டுகளை மட்டும் தனியாக எடுத்துத் தாருங்கள்" என்று கேட்டேன். ஒழுங்காக இருக்கும் சீட்டுகளால் எனக்குப் பயன் இல்லை. ஓரத்தில் கிறுக்கல், வட்டம், கேள்விக்குறி, யாரோ ஒருவரின் சுருக்கெழுத்து இருக்கிற சீட்டில்தான் ஆவணத்தில் இல்லாத விதிகள் இருக்கும்.

ஒரு சீட்டில், அனுப்பியதைவிட நாற்பது கிலோவுக்குமேல் கூடுதலாக வந்திருந்தது. "இது எப்படி?" என்றேன். அதற்கு முந்தைய லாட்டில் (ஒரே தடவையில் சாயமேற்றும் துணித் தொகுதி) ஷேடு, அதாவது கேட்ட நிறம், சேராமல் பட்டறையிலேயே நின்றுபோன ரோல்களை, அதே வண்டியில் ஏற்றி, அதே டிசியில் சேர்த்து அனுப்பிவிட்டார்களாம். இன்னொரு சீட்டின் ஓரத்தில் 'ஈரம்' என்று எழுதியிருந்தார். மழைக்காலத்தில் துணி சரியாகக் காயாமல் வரும், மறுநாள் திரும்பவும் தராசில் வைப்பார்கள். பருத்தி ஈரத்தை இழுக்கும் என்பது அந்த ஸ்டோரில் மூட்டை தூக்குகிறவருக்குக்கூடத் தெரியும். எங்கள் ஆவணத்துக்குத் தெரியவில்லை.

"பதிவை ஏற்காவிட்டால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "வண்டிக்காரன் வாசலில் நிற்பான், கட்டிங் மாஸ்டர் துணி கேட்டு ஆள் அனுப்புவார். நான் இறக்கி உள்ளே அனுப்பிவிடுவேன். உங்கள் கம்ப்யூட்டரில் அனுப்பிய எடையையே வந்த எடை என்று போட்டுவிடுவேன்." தவறைத் தடுக்க வைத்த விதி பொய்க் கணக்கைத்தான் பிறப்பித்திருக்கும். கடைசியில் விதி இப்படி மாறியது: கூடுதல் எடையை ஏற்றுக்கொள், காரணத்தைக் கேள், அந்த லாட்டை 'சரிபார்க்க வேண்டியது' என்று குறித்து வை, மேலாளர் பார்க்கும்வரை அந்தக் குறி போகக் கூடாது.

கூட்டத்தில் ஏன் இதைச் சொல்லவில்லை என்று கேட்டால், யாரும் கேட்கவில்லை என்பார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதி, முதலாளி உட்கார்ந்திருக்கும் அறையில் 'சீட்டில் இருப்பதும் வண்டியில் வருவதும் ஒன்றாக இருப்பதில்லை' என்று ஒரு ஸ்டோர் கீப்பர் வாய்திறக்க மாட்டார். எனவே ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். முடிவெடுப்பவர்களை ஒரு கூட்டத்திலும், கையால் வேலை செய்பவர்களை அவரவர் இடத்திலும் தனித்தனியே சந்திப்பது. சேர்த்து உட்கார வைப்பது கடைசியில்தான், அதுவும் முரண்பாடுகளைத் தீர்க்க மட்டும். முதல் சந்திப்பில் என்னை 'மேடம்' என்று அழைத்த அந்த ஸ்டோர் கீப்பர், போகப்போக, வீட்டுப் பெண்ணை அழைப்பதுபோல 'அம்மிணி' என்று கூப்பிட ஆரம்பித்தார். கொங்குநாட்டுக்காரர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். உண்மையான சீட்டுகள் வெளியே வந்தது அதன் பிறகுதான்.

'சரியா?' என்று கேட்காமல் இருப்பது

செக்கிங் பிரிவில் ஒரு அக்கா. அந்த நிறுவனம் தொடங்கிய காலத்திலிருந்தே அங்கே வேலை செய்கிறவர். எதைக் காட்டினாலும், "நீங்கள் படித்தவர்கள், சரியாகத்தான் செய்திருப்பீர்கள்" என்பார். இந்த மரியாதைதான் எங்கள் வேலையின் பெரிய எதிரி. 'இது சரியா?' என்ற கேள்விக்கு மரியாதை தெரிந்த மனிதர் 'சரி' என்றுதான் சொல்வார். அதனால் அந்தக் கேள்வியையே விட்டுவிட்டேன். அதற்குப் பதிலாக இப்படிக் கேட்கிறேன்: கடைசியாக இது எப்போது நடந்தது? அன்றைக்கு என்ன எழுதினீர்கள்? யாரிடம் சொன்னீர்கள்? அவர் ஒப்புக்கொள்ளாவிட்டால் என்ன செய்வீர்கள்? நீங்கள் விடுப்பில் இருந்தால் யார் இதைப் பார்ப்பார்? 'பொதுவாக எப்படிச் செய்வீர்கள்' என்று கேட்டால் விதிப்புத்தகம்தான் பதிலாக வரும். 'போன சனிக்கிழமை எப்படிச் செய்தீர்கள்' என்று கேட்டால் நடந்தது வரும்.

மொழியையும் பார்க்க வேண்டும். எங்கள் தேவை ஆவணம் ஆங்கிலத்தில், அறுபது பக்கத்துக்குக் குறையாது. அது நிரலாளர்களுக்கு. பயனர்களுக்குத் தமிழில், ஒரு தாளுக்கு ஒரு சம்பவமாக எழுதித் தருகிறேன்: 'நீல நிற லாட், 480 கிலோ அனுப்பினோம். மூன்று தவணையாக வந்தது. முதலில் 200, பிறகு 150, கடைசியில் 101. அப்போது திரையில் என்ன தெரிய வேண்டும்?' எண் இல்லாத சம்பவத்தை யாரும் நின்று படிப்பதில்லை. எண் இருந்தால் கை தானாகக் கால்குலேட்டரைத் தேடும். ஒடிசா, பீகாரிலிருந்து வந்து வேலை செய்கிற இளைஞர்களுக்கு அந்தத் தாளை அவர்கள் லைனில் இருக்கிற, இரு மொழியும் தெரிந்த ஒருவர் வாசித்துச் சொல்வார். என்னைவிட நன்றாகவே சொல்வார்.

திரை மாதிரியைக் கணினியில் அழகாகச் செய்து காட்டுவதை முதல் கட்டத்தில் தவிர்க்கிறேன். அழகான திரையைப் பார்த்ததும் பேச்சு பொத்தானின் நிறத்துக்கும் கம்பெனிச் சின்னம் எந்த மூலையில் வர வேண்டும் என்பதற்கும் ஓடிவிடும். வெள்ளைத் தாளில் கட்டங்கள் கிழித்து, பென்சிலைக் கையில் கொடுத்து, "இந்த டிசியை இந்தத் தாளில் ஏற்றுங்கள் அண்ணா" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவர் எங்கே நிற்கிறார், எதைத் தேடுகிறார், கட்டத்துக்கு வெளியே என்ன எழுதுகிறார் என்பதே எனக்கு வேண்டிய பதில். ஸ்டோர் கீப்பர் ஒவ்வொரு தாளிலும் ஓரத்தில் துணியின் டயாவை, அதாவது அகல அளவை, எழுதினார். நாங்கள் அதற்குக் கட்டமே வைக்கவில்லை. "டயா தெரியாமல் எந்த ரோலைக் கட்டிங்குக்கு எடுத்துக் கொடுப்பது?" என்று அவர் கேட்டது என்னிடமல்ல, பென்சிலிடம்.

கணக்கு அறிக்கைகளுக்கு இன்னொரு வழி. மாதிரி அறிக்கையில் வேண்டுமென்றே தவறுகளைப் பதித்து வைப்பேன். மறைக்க மாட்டேன், 'இதில் தவறுகள் வைத்திருக்கிறேன், கண்டுபிடியுங்கள்' என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். எத்தனை என்று சொல்ல மாட்டேன். ஒரு கட்டிங் அறிக்கையில், கொடுத்த துணி 100 கிலோ, வெட்டிய பீஸ் 88 கிலோ, வேஸ்ட் 17 கிலோ என்று போட்டிருந்தேன். கட்டிங் மாஸ்டர் பார்த்த மாத்திரத்தில், "அதிகப்படி ஐந்து கிலோ எந்தக் கடையில் வாங்கினீர்கள்?" என்றார். அதே தாளை மேலாளர் இரண்டு முறை புரட்டிவிட்டுக் கையெழுத்துக்குப் பேனாவை எடுத்தார். அந்த அறிக்கையை யாரிடம் சரிபார்க்க வேண்டும் என்பது எனக்கு அதோடு தெரிந்துவிட்டது. கூடுதல் லாபமாக, கட்டிங் மாஸ்டர் நான் வைக்காத ஒரு பிழையையும் காட்டினார்.

ஐபிஎம்மில் மைக்கேல் ஃபேகன் 1976-இல் எழுதிய, குழுவாக உட்கார்ந்து பிழை தேடும் ஆய்வு முறையில், கூட்டத்துக்கு முன் ஒவ்வொருவரும் தனியாக ஆவணத்தைப் படித்துத் தயாராவது ஒரு தனிக் கட்டமாகவே இருக்கிறது. அவர் பேசியது வடிவமைப்பையும் நிரலையும் பற்றி. தேவைகளுக்கும் அது பொருந்தும். ஆனால் நம் ஊரில் ஆவணத்தை முன்கூட்டி அனுப்பினால் படிப்பார்கள் என்று எதிர்பார்ப்பது வீண். தவறு பதித்த தாள்தான் எனக்குக் கிடைத்த மாற்று வழி.

ஒரே அட்டை, மூன்று கணக்கு

சம்பளத்துக்கு வருகிறேன். திருப்பூரில் கூலியைப் பொதுவாக ஷிப்டில்தான் எண்ணுவார்கள். காலையில் வந்து மாலை வரை ஒரு ஷிப்ட், இரவு எட்டரை, ஒன்பது வரை நின்றால் ஒன்றரை, நள்ளிரவைத் தாண்டினால் இரண்டு. சனிக்கிழமை சம்பளம். கேட்பதற்கு எளிது. இதையே ஆவணத்தில் மூன்று வரியில் எழுதியிருந்தோம். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

பழைய வருகை அட்டைகளிலிருந்து சிக்கலானவற்றைப் பொறுக்கினேன். குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஏழு மணிக்குக் கிளம்பியவர். மின்சாரம் போய்ப் பிற்பகல் முழுக்க உட்கார்ந்திருந்தவர். நடு இரவு வரை தைத்துவிட்டு மறுநாள் பத்து மணிக்கு வந்தவர். பெயர்களை மறைத்துப் பிரதி எடுத்து, மூன்று மேற்பார்வையாளர்களிடம் தனித்தனியாகக் கொடுத்து, எத்தனை ஷிப்ட் போடுவீர்கள் என்று எழுதச் சொன்னேன். ஏழு மணிக்குக் கிளம்பியவருக்கு ஒருவர் ஒன்று போட்டார், ஒருவர் ஒன்றேகால், இன்னொருவர் 'நல்ல டைலராக இருந்தால் ஒன்றரை' என்று எழுதிவிட்டுக் கேள்விக்குறி போட்டார். மூவருமே அந்த மூன்று வரி விதிக்குத் தலையாட்டியவர்கள். யாரும் பொய் சொல்லவில்லை. ஒரே வாக்கியத்துக்குள் மூன்று பேரும் தங்கள் வழக்கத்தை வைத்துப் படித்திருந்தார்கள்.

இந்த முரண்பாட்டைத் தீர்ப்பது அனலிஸ்ட் வேலை அல்ல. 'சராசரியாக ஒன்றேகால் வைத்துக்கொள்ளலாம்' என்று நானே முடிவு செய்தால், ஒரு டைலரின் வாரக் கூலியை நான் தீர்மானிக்கிறேன் என்று அர்த்தம். விடைகளை ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, யார் எதை எழுதினார் என்பதைக் காட்டாமல், முதலாளியிடம் கொடுத்தேன். பெயர் இருந்திருந்தால் பேச்சு விதியை விட்டுவிட்டு ஆட்களைப் பற்றியதாக மாறியிருக்கும், மறுமுறை எந்த மேற்பார்வையாளரும் எனக்கு உண்மையை எழுதித் தந்திருக்க மாட்டார். முதலாளி நெடுநேரம் தாளைப் பார்த்தார். பிறகு கால் ஷிப்ட் எங்கே, அரை ஷிப்ட் எங்கே என்று நேரத்தைக் குறித்துத் தந்தார். மின்தடை நேரத்துக்கு என்ன செய்வது என்று கேட்டதற்கு மட்டும், "அது அடுத்த வாரம்" என்றார். அதை 'முடிவாகாதவை' பட்டியலில், அவர் பொறுப்பில், தேதியோடு எழுதிவைத்தேன்.

சம்பள விதிகளை இவ்வளவு நோண்ட வேண்டுமா என்று எங்கள் திட்ட மேலாளரே கேட்டார். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநில சுகாதாரத் துறைக் கதையை அவருக்குச் சொன்னேன். 2010 மார்ச்சில் புதிய சம்பள மென்பொருள் ஓடத் தொடங்கியது. சுமார் 78,000 ஊழியர்கள், பலவகை ஷிப்டுகள், படிகள். பலருக்குக் குறைவாக, சிலருக்குக் கூடுதலாக, சிலருக்கு ஒன்றுமே இல்லாமல் சம்பளம் போனது. 2013-இல் வந்த விசாரணை ஆணைய அறிக்கை, தேவைகளைச் சரியாக வரையறுக்காமல் விட்டதையும் காரணங்களில் ஒன்றாகச் சுட்டியது. பிந்திக் கண்டுபிடிக்கும் தேவைப் பிழைக்கு நூறு மடங்கு செலவு என்று பயிற்சி வகுப்புகளில் சொல்வார்கள். அந்த எண்ணின் ஆதாரத்தைப் பற்றித் துறைக்குள்ளேயே சர்ச்சை உண்டு, நான் அதைப் பயன்படுத்துவதில்லை. சனிக்கிழமை மாலை சம்பளக் கவர் குறைந்தால் என்ன நடக்கும் என்று கேட்டாலே திருப்பூரில் போதும்.

அறையில் இல்லாதவர்கள்

பயனர்கள் எல்லோரும் ஒரே குரலில் ஒப்புக்கொண்ட தேவையும் தவறாக இருக்கலாம். கூடுதல் நேர வேலைக்கு என்ன விகிதம் என்று கேட்டபோது, 'ஷிப்ட் கணக்குத்தான், வேறென்ன' என்றார்கள். அப்போது நடைமுறையில் இருந்த 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் 59-ஆம் பிரிவு, ஒரு நாளில் 9 மணி நேரத்துக்கோ வாரத்தில் 48 மணி நேரத்துக்கோ மேல் போனால் இரட்டிப்புக் கூலி என்றது. வெளிநாட்டு வாங்குவோரின் தணிக்கையாளர்கள் வந்து நேரப் பதிவையும் சம்பளப் பதிவையும் பக்கத்தில் வைத்துத்தான் பார்ப்பார்கள். சட்டமும் தணிக்கையாளரும் எங்கள் கூட்டத்துக்கு வரவில்லை என்பதற்காக அவர்களுக்கு வாக்கு இல்லை என்று ஆகிவிடாது. நான் எழுத்தில் சொன்னேன்: விகிதத்தை நிர்வாகமும் அவர்களுடைய சட்ட ஆலோசகரும் முடிவு செய்து தர வேண்டும், வந்த நேரமும் போன நேரமும் நடந்தபடியே பதிவாகும், ஷிப்ட் என்பது அதிலிருந்து கணக்கிடப்படும், நேரப் பதிவைத் திருத்தினால் திருத்தியவர் யார் என்று நிற்கும். இதற்கு முணுமுணுப்பு வந்தது. முணுமுணுப்பு வந்த தேவைகளைத்தான் பிறகு யாரும் மறக்கவில்லை.

துணிப் பக்கத்திலும் அப்படி ஒருவர் ஏறக்குறைய வெளியே நின்றார்: ஜிஎஸ்டி. 2017 ஜூலையில் வந்த அந்தச் சட்டப்படி, ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய சரக்கு ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும். ஐடிசி-04 படிவத்தில் கணக்கும் காட்ட வேண்டும். 2021 அக்டோபர் முதல் ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டியவர்களுக்கு அது ஆறு மாதத்துக்கு ஒருமுறை. கணக்காளருக்கு எந்த டிசியில் எவ்வளவு நிலுவை என்பதுதான் முக்கியம், திரும்பி வந்த துணியைப் பழைய டிசியில் முதலில் கழிக்கச் சொன்னார். ஸ்டோர் கீப்பருக்கோ லாட் எண்தான் உலகம், லாட்டை வைத்துத்தான் கழிப்பேன் என்றார். இருவரும் பல வருடங்களாக ஒரே கட்டிடத்தில் இருக்கிறார்கள். இருவரின் நிலுவையும் ஒத்துப்போகவில்லை என்பது இருவருக்கும் அன்றுதான் தெரிந்தது. லாட் எண் வழியாகக் கழிப்பது, அதிலிருந்து டிசி நிலுவையைக் கணினி வருவிப்பது என்று முடிவாயிற்று.

ஒரு தேவையைச் சரிபார்க்க ஊரை விட்டே வெளியே போக வேண்டியிருந்தது. ஒவ்வொரு ரோலுக்கும் பார்கோடு ஒட்டி, நிட்டிங்கிலிருந்து கட்டிங் வரை ரோல் ரோலாகப் பின்தொடர வேண்டும் என்பது முதலாளியின் ஆசை. எங்காவது கண்காட்சியில் பார்த்திருப்பார். ஸ்டோரில் கேட்டால் 'நல்லதுதான்' என்றார்கள். சாயப்பட்டறைக்குப் போய் அரை மணி நேரம் நின்றேன். ரோல்களைப் பிரித்து, ஒன்றோடொன்று முனை சேர்த்துத் தைத்து, கயிறு போலத் தொட்டிக்குள் ஓடவிடுகிறார்கள். உள்ளே போன ரோல் வெளியே வரும்போது அந்த ரோலாக இருப்பதில்லை, ஸ்டிக்கரும் இருப்பதில்லை. எனவே சாயத்துக்கு முன் ரோல், சாயத்தில் லாட், சாயத்துக்குப் பின் புதிய ரோல் எண்கள். பார்கோடு இயந்திரத்துக்கு விலைப்புள்ளி வாங்கியிருந்தவர்களுக்குக் கொஞ்சம் வருத்தம்.

கையெழுத்தை நான் ஒழித்துவிடவில்லை, அது ஒப்பந்தத்துக்கு வேண்டும். ஆனால் கையெழுத்துப் பக்கத்துக்கு முன்னால் ஒரு பக்கம் சேர்க்கிறேன். எந்தத் தேவை, எந்த உண்மைச் சீட்டை வைத்துப் பார்த்தோம், யார் பார்த்தார், என்ன மாறியது, எது இன்னும் முடிவாகவில்லை. சீட்டு எண் இல்லாத தேவை அந்தப் பக்கத்தில் வெறுமையாகத் தெரியும், கேட்காமலே கண்ணில் படும். அதே சீட்டுகளைத்தான் பிறகு, வாடிக்கையாளர் மென்பொருளை ஏற்கும் முன் நடத்தும் ஏற்புச் சோதனையிலும் ஓட்டினோம். ஸ்டோர் கீப்பர் தன் கையெழுத்தில் இருந்த 'ஈரம்' சீட்டைத் தானே கணினியில் ஏற்றிப் பார்த்தார். சோதனைக்குத் தரவு தேடி யாரும் அலையவில்லை.

பட்டியலில் கடைசிவரை நின்றது ரீ-டையிங். ஷேடு சேராத துணி திரும்பப் பட்டறைக்குப் போய்வரும் கணக்கு. அதற்கு எங்கள் நிரலாளர்கள் நான்கு திரைகள் திட்டமிட்டிருந்தார்கள். கட்டமிட்ட தாள்களோடு ஸ்டோருக்குப் போனேன். அவர் ஒரு தாளைக்கூட நிரப்பவில்லை. "மாதத்துக்கு ஒன்றிரண்டு வரும் அம்மிணி. அதற்கு ஒரு நோட்டு இருக்கிறது, பட்டறைக்காரரும் அதிலேயே கையெழுத்துப் போடுகிறார். இதை ஏன் உள்ளே கொண்டுவருகிறீர்கள்?" என்றார். கணக்காளரிடம் கேட்டேன், ரீ-டையிங் டிசியும் லாட் எண்ணோடு சாதாரண டிசியாகப் பதிவானால் தனக்குப் போதும் என்றார். நான்கு திரைகளையும் எடுத்துவிட்டோம்.